கோட்டையின் ஆற்றுவாசல்

கொண்டான்குடிக் கோட்டையை இதுவரை எவனும் முற்றுகையிட்டதில்லை. அதற்கு அகழி கிடையாது, பீரங்கி கிடையாது. தஞ்சாவூர் அரண்மனையோடு சம்பந்தம் வைத்திருந்த ஒரு ராவ் சாகிப், கோடையில் காற்று வாங்குவதற்கென்று கோரையாற்றங்கரையில் கட்டிக்கொண்ட மாளிகை அது. நாலு மூலையிலும் குட்டிக் கோபுரம் வைத்து மதிலையும் ஆளுயரத்துக்கு மேல் எழுப்பிவிட்டதால் ஊர் அதைக் கோட்டை என்று கூப்பிட்டது. அவருடைய பேரன்மார் விற்றுத் தின்றார்கள். வாங்கியவர் கோட்டைப் பண்ணை ஆனார். அவர் காலத்தில்தான் கோட்டைக்குள் அடி விழுந்தது. அதுவும் பகைவன் முதுகில் அல்ல, பண்ணையாள் முதுகில்.

உச்சவரம்புச் சட்டம் வந்து, நிலம் கைமாறி, பண்ணையின் வாரிசுகள் சென்னைக்குப் போய்ச் சேர்ந்த பிறகு கோட்டை சர்க்காருக்கு வந்தது. சர்க்காருக்குச் சும்மா ஒரு கட்டடம் கிடைத்தால் அதை என்ன பாடு படுத்தும் என்று தெரிந்துகொள்ள இந்த ஊருக்கு வந்தால் போதும். கொஞ்ச காலம் நெல் கிடங்கு. அப்புறம் மாணவர் விடுதி. விடுதிக்குத் தனிக் கட்டடம் வந்ததும் முன்தாழ்வாரத்தில் ரேஷன் கடை, பின்கட்டில் உடைந்த பெஞ்சுகள். புயல் வந்தால் பாதுகாப்பு மையம். இப்போது எல்லாவற்றையும் ஒழித்து, சுண்ணாம்பு பூசி, தேக்கு உத்திரங்களுக்கு வார்னிஷ் அடித்து, நூலகமும் சமுதாயக் கூடமுமாக ஆக்கியிருக்கிறார்கள். பங்குனி கடைசி ஞாயிற்றுக்கிழமை திறப்பு விழா.

இத்தனை வேஷத்திலும் அதன் சாவிக்கொத்து முப்பத்தோரு வருஷம் இராஜாங்கத்தின் இடுப்பில்தான் கிடந்தது. கிராம உதவியாளர் என்று அரசாணை சொல்லும். ஊருக்கு அவர் தலையாரி. ஓய்வு பெற்று மூன்று வருஷம் ஆகியும் காலனியிலும் குடியானத் தெருவிலும் அவர் தலையாரிதான். அவருடைய அப்பா வேம்பன் கோட்டைப் பண்ணையில் பண்ணையாள். மகள் சுடர்விழி தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் சரித்திரம் சொல்லிக்கொடுக்கிறாள். விழாவுக்காகக் கோட்டையின் வரலாற்றை ஒரு சின்னப் புத்தகமாக எழுதும் பொறுப்பை ஊராட்சி அவளிடம் கொடுத்திருந்தது. அதற்காக வாராவாரம் பஸ்ஸேறி வந்து, கிழவர் கிழவிகளிடம் போனை நீட்டிப் பேச்சைப் பதிவு செய்துகொண்டு போனாள்.

வியாழக்கிழமை சாயங்காலம் ஊராட்சித் தலைவர் நடராசன் அழைப்பிதழோடு வந்தார். குடியானத் தெருக்காரர். காலனியில் எந்த வீட்டிலும் உட்கார்ந்து டீ குடிப்பார். அவர் அப்பா குடித்ததில்லை.

"அண்ணே, முடிவு பண்ணியாச்சு. பெரிய மனுஷன் எவனையும் கூப்புடல. ரிப்பன் நீங்கதான் வெட்டுறீங்க."

"நான் என்னத்தங்க வெட்டுறது? வேற யாரையாச்சும் பாருங்க."

"வேற யாரைப் பாக்குறது? கஜா புயலுக்கு நம்ம ஊர்ல ஒரு உசுரு போவல. கோட்டையைத் தொறந்து உட்டு சனத்தக் காப்பாத்துனது யாரு? கூட்டத்துல பேசி ரெண்டு தெருவும் ஒத்துக்கிட்டாங்கண்ணே. ரெண்டு தெருவும் ஒத்துக்கிட்டு இந்த ஊர்ல நடக்குற மொத காரியம் இதான். கெடுத்துப்புடாதீங்க."

"அப்பாவுக்கு வெக்கம்," என்று சிரித்தாள் சுடர்விழி.

அவள் சொன்னது உண்மை. எந்த மாதிரி வெட்கம் என்பதுதான் அவளுக்குத் தெரியாது. டீ கொண்டுவந்த இராஜாங்கத்தின் மனைவி அம்சம் டம்ளரை நடராசனின் கையில் கொடுத்துவிட்டு, வழக்கம்போல் நின்று ரெண்டு வார்த்தை பேசாமல், விறுவிறுவென்று உள்ளே போய்விட்டாள். கஜா என்ற பேச்சு வந்தால் அவள் இப்படித்தான். ஏழு வருஷமாக இப்படித்தான். இராஜாங்கம் அவள் போன பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். அவளுக்குத் தெரியும் என்பது அவருக்குத் தெரியும். கேட்கமாட்டேன் என்கிறாள். கேட்டுத் தொலைத்தால் ஒரு நாளோடு போய்விடும்.

மறுநாள் காலையில் பழையதும் சுட்ட கருவாடும் சாப்பிட்டுக்கொண்டிருந்தார். சுடர்விழி எதிரே மடிக்கணினியைத் திறந்து வைத்துக்கொண்டாள். மத்தியானத்துக்குள் அச்சகத்துக்கு அனுப்ப வேண்டும்.

"புயல் பக்கத்தை மட்டும் படிக்கிறேம்பா. தப்பிருந்தா சொல்லுங்க," என்று ஆரம்பித்தாள்.

‘ஒரு காலத்தில் உழைத்தவர்களுக்கு முன்வாசலைக் காட்டாத கோட்டை, கஜா புயலன்று ஊரார் அனைவருக்கும் ஒன்றுபோலத் திறந்தது. கிராம உதவியாளர் இராஜாங்கம் மழையில் நனைந்தபடி நின்று கதவைத் திறந்துவிட்டார். அன்று இடுப்பெலும்பு முறிந்த குந்தவை சொல்கிறார்: அண்ணன் கதவைத் தொறந்து கையக் காட்டலேன்னா நாங்க ஆத்தோட போயிருப்போம். அது மனுஷன் இல்ல, சாமி.’

சோற்றில் வைத்த கை அப்படியே நின்றது. தண்ணீரைக் குடித்தார்.

"குந்தவை அப்படியா சொல்லுச்சு?"

"போன்ல பதிவா இருக்குப்பா. போடட்டுமா?"

"வேணாம். வேணாம்மா. இத அனுப்பிடாத. சித்த இரு. வந்துடுறேன்."

கையைக் கழுவிவிட்டுத் துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு வெயிலில் இறங்கிவிட்டார். அடுக்களை வாசலில் நின்ற அம்சம் எங்கே போகிறீர்கள் என்று கேட்கவில்லை.

நடந்தது இதுதான். கஜா வந்த அன்று சாயங்காலம் நாலு மணிக்கெல்லாம் மழை சாய்ந்து அடித்தது. வெளியூர்க்காரியான கிராம நிர்வாக அலுவலர் போனில் தெளிவாகவே சொன்னாள்: "தலையாரி, எல்லாரையும் முன்கூடத்துல வைங்க. பத்தலேன்னாதான் பின்கட்டு. அங்க ஓடெல்லாம் ஒடஞ்சு கெடக்கு." முன்கூடத்தில் முந்நூறு பேர் படுக்கலாம். குடியானத் தெருவிலிருந்து வந்தவர்கள் எண்பது பேர் இருந்தால் அதிகம். ஜமக்காளமும் பாயுமாக ஒரு பக்கத்தில் உட்கார்ந்திருந்தார்கள். மீதிக்கூடம் காலியாகக் கிடந்தது.

ஐந்து மணிக்கு ஆற்றுக்கரையோடு காலனி சனம் வருவது தெரிந்தது. தலையில் மூட்டை, இடுப்பில் பிள்ளை, மேலே உரச்சாக்கு. இராஜாங்கம் முன்வாசலில் நின்று பார்த்தார். பிறகு கூடத்துக்குள் திரும்பிப் பார்த்தார். வாசலோரம் படுத்திருந்த நடராசனின் தாயார் எழுந்து தன் பாயை ஒரு முழம் உள்ளே இழுத்துப் போட்டுக்கொண்டாள். வருகிறவர்களுக்கு இடம் விட்டாளா, ஒதுங்கிக்கொண்டாளா, இன்றுவரை அவருக்குத் தெரியாது. அந்த அம்மாளும் போய்ச் சேர்ந்துவிட்டாள். ஆனால் அந்தப் பாய் நகர்ந்ததும் இவருடைய கால் தானாக நகர்ந்தது. கூடத்தைத் தாண்டி, முற்றத்தைத் தாண்டி, பின்கட்டு இருட்டில் வௌவால் நாற்றத்துக்குள் ஓடி, ஆற்றுவாசலின் பூட்டைத் திறந்து, டார்ச்சை ஆட்டினார்.

"இஞ்ச வாங்க! இந்தப் பக்கமா வாங்க!"

ஆற்றுவாசல் பண்ணையாட்களின் வாசல். பண்ணை காலத்தில் அவர்கள் மதிலைச் சுற்றி ஆற்றுக்குள் இறங்கி, படியேறித்தான் கூலி நெல்லுக்கு வரவேண்டும். வேம்பனும் வேம்பனின் அப்பனும் அப்படித்தான் வந்தார்கள். முன்வாசல் வழியாக அவர்கள் வந்ததாக ஊரில் கதைகூடக் கிடையாது. ரேஷன் கடை வந்த பிறகு எல்லோரும் முன்தாழ்வாரத்தில் ஒரே வரிசையில் நின்றார்கள்; அதில் இராஜாங்கத்துக்கு ஒரு கூச்சமும் இருந்ததில்லை. ஆனால் நிற்பது வேறு, ஒரே கூரையின் கீழ் பாய் போட்டுப் படுப்பது வேறு. அப்படி அவருடைய மூளை சொல்லவில்லை, கால் சொல்லியது. தொட்டில் பழக்கம் சுடுகாடு மட்டும் என்பார்கள். இது தொட்டிலுக்கும் முந்தின பழக்கம்.

யாரும் சொல்லவில்லை என்பதுதான் அவரைத் தின்றது. எவனாவது ஒருவன் இவர்களைப் பின்னால் கொண்டுபோ என்று சொல்லியிருந்தால், அவனைத் திட்டியே ஆயுசைத் தள்ளிவிடலாம். சர்க்கார் சம்பளம் வாங்கினவர், சங்கக் கொடி பிடித்தவர், மகளைச் சரித்திரம் படிக்கவைத்தவர், தன் சனத்தைத் தானே ஆற்றுப்பக்கம் திருப்பிவிட்டார். கீழ்ப்படிகளில் வெள்ளம் ஏறியிருந்தது. பாசி. குந்தவை அரிசிப்பானையோடு ஏறும்போது சறுக்கி விழுந்தாள். மரங்கள் சாய்ந்து ரோடு அடைபட்டுப் போனதால் ரெண்டு நாள் ஒழுகுகிற ஓட்டுக்குக் கீழே சாக்கில் கிடந்தாள். மூன்றாம் நாள்தான் தஞ்சாவூருக்குத் தூக்கிப் போக முடிந்தது. அன்றிலிருந்து அவளுக்கு ஒரு கால் குட்டை.

புயலுக்கு மறுநாள் காலையில் அவளுக்கு வெந்நீர் கேட்டு அம்சம் முன்கட்டுக்குப் போனாள். திரும்பி வந்தபோது அவள் முகம் மாறியிருந்தது. பாதிக்கூடம் காலியாகக் கிடந்ததை அவள் பார்த்துவிட்டாள்.

அவர் போய்ச் சேர்ந்தபோது குந்தவை வீட்டுக்கு முன்னால் தார்ரோட்டில் உளுந்துச் செடியைப் பரப்பியிருந்தார்கள். ஆறு வறண்டு மணலாய்க் கிடந்தது. காற்றே இல்லை. போகிற வருகிற வண்டியெல்லாம் செடிமேல் ஏறிப் போக, நெற்று வெடித்துக்கொண்டிருந்தது. அவள் புருஷன் வீரையன் கவைக்கோலால் செடியைப் புரட்டிப் போட்டுக்கொண்டிருந்தான். அவள் புளியமர நிழலில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்து முறத்தில் புடைத்துக்கொண்டிருந்தாள்.

"வாங்கண்ணே. என்னா இந்த வேகாத வெயில்ல? செருப்புகூட இல்லாம?"

அப்போதுதான் செருப்பு போடாமல் வந்ததை அவர் பார்த்தார். நிழலில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தார்.

"உளுந்து எப்புடி?"

"என்னாத்த எப்புடி? பூவெடுக்குற நேரத்துல மழ பேஞ்சு பாதியக் கொட்டிட்டுது. மாவுக்கு ஆவும். ஞாயித்துக்கெழம பொன்னாட போத்துறாங்களாமே? வீரையன் புதுச்சட்ட எடுத்து வச்சிருக்கு. நானும் வருவேன். ஆட்டோ சொல்லியிருக்கு."

"குந்தவை."

"என்னாண்ணே?"

"எம்மவகிட்ட என்னா சொன்ன நீ?"

"ஏன், தப்பா எதும் சொல்லிட்டனா? நீங்க இல்லேன்னா செத்திருப்போம்னு சொன்னேன். அது நெசந்தானே. அம்பது அறுவது பேரு கெடந்தோம், ஒரு உசுரும் போவலியே."

"அன்னிக்கு முன்வாசல் தொறந்திருந்துச்சு."

அவள் முறத்தை நிறுத்தவில்லை. "என்னிக்கு?"

"புயலன்னிக்கு. நீங்க வந்தப்ப. மூணு மணிக்கே தொறந்துட்டேன். கூடத்துல எடம் இருந்துச்சு. எல்லாரையும் அங்கதான் வைக்கச் சொல்லி உத்தரவு. நான்தான் உங்கள ஆத்துப்பக்கம் கூப்புட்டேன்."

"வெளையாடாதீங்கண்ணே. முன்னாடி அடச்சுக் கெடந்துச்சு. ஆளு ரொம்பி அடச்சிட்டாங்கன்னு பேசிக்கிட்டோமே."

"யாரும் அடைக்கல."

வீரையன் கவைக்கோலை ஊன்றிக்கொண்டு நின்றான். அவன் எதையும் மெதுவாகத்தான் கேட்பான்.

"யாரு சொன்னா மாமா, எங்களப் பின்னால கொண்டாறச் சொல்லி?"

"யாரும் சொல்லல வீரையா."

"குடியானத் தெருவுல எவனாவது மொறச்சானா?"

"இல்லடா."

"அப்பறம்?"

அப்புறம் என்ன என்றுதான் ஏழு வருஷமாக அவரும் தேடுகிறார். "தெரியல. எங்காலு போச்சு," என்றார். தன் வயசில் பாதிகூட இல்லாத ஒருத்தன் பைக்கில் உளுந்தின்மேல் ஏறிப் போனபடி "என்னா தலையாரி, விழாவுக்கு ரெடியா?" என்று கத்திவிட்டுப் போனான். இராஜாங்கம் துண்டால் முகத்தை மூடிக்கொண்டார்.

குந்தவை முறத்தைக் கீழே வைத்தாள். கொஞ்ச நேரம் தன் நீட்டிய காலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். திட்டுவாள் என்று எதிர்பார்த்துத்தான் அவர் வந்திருந்தார். திட்டினால் நன்றாக இருக்கும்.

"முன்னால எத்தன படிண்ணே?" என்று கேட்டாள்.

"மூணு."

"மூணு படி."

"ஆமா."

அவள் அதற்குமேல் அந்தக் கணக்குக்குள் போகவில்லை. சேலை முந்தானையால் மூக்கைச் சிந்திக்கொண்டாள்.

"உங்கள என்னான்னு சொல்றது? நீங்க டார்ச்சு காட்டுறதுக்கு முந்தியே நாங்க மதிலச் சுத்தித் திரும்பிட்டம்ண்ணே. எனக்கு நெனவு இருக்கு. முன்வாசல்ல நின்னு ஒருத்தராச்சும் எட்டிப் பாத்தமா? கேட்டமா? அம்பது அறுவது பேரு, ஒரு பொட்டச்சி வாயத் தொறக்கலியே. இது எங்களுக்கும் கேவலந்தான்."

"அது வேற. சாவி எங்கிட்ட இருந்துச்சு."

"அது உங்க பாடு. நான் உங்கள மன்னிச்சேன்னும் சொல்லமாட்டேன், மன்னிக்கலேன்னும் சொல்லமாட்டேன். நடக்கும்போது ஒவ்வொரு எட்டுக்கும் வலிக்கும். இனிமே வலிக்கறப்ப இதும் நெனப்பு வரும். அவ்வளவுதான்." முறத்தை மறுபடி எடுத்தாள். "சாமின்னு சொன்னத மட்டும் எடுக்கச் சொல்லுங்க. நான் தெரியாம சொல்லிட்டேன்."

வீரையன் வீட்டுக்குள் போய்ச் ஒரு ஜோடிச் செருப்பை எடுத்துவந்து அவர் காலருகில் போட்டான். "ரோடு காயுது. போட்டுக்கிட்டுப் போங்க," என்றான். முகத்தைப் பார்த்துச் சொல்லவில்லை. அந்தச் செருப்பைப் போட்டுக்கொள்ள அவருக்குக் கூசியது. போட்டுக்கொள்ளாமல் போவது இன்னும் கேவலம் என்று போட்டுக்கொண்டார்.

வீட்டுக்கு வந்ததும் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னார். உட்காராமல் நின்றுகொண்டே, விசாரணையில் நிற்கிறவர்போல, பாய் நகர்ந்தது முதல் மூணு படி வரை சொன்னார். சுடர்விழிக்கு முதலில் வந்தது கோபம்.

"நான் வகுப்புல போயி இதத்தானேப்பா பேசுறேன். எங்கூர்ல, எங்க தாத்தா காலத்துலன்னு. தாத்தா காலத்துலன்னு!"

"ஆமாம்மா."

"நீங்க ஏன் அப்பவே சொல்லல?"

"வெக்கமா இருந்துச்சு."

அவள் மடிக்கணினியையே வெறித்துக்கொண்டிருந்தாள். கோபம் இறங்கியதும் முகம் சின்னப்பிள்ளையின் முகமாகிவிட்டது. அப்பாவை அப்படி நிற்கவைத்துப் பார்ப்பது அவளுக்குத் தாங்கவில்லை.

"சரி, உக்காருங்க. அந்தப் பக்கத்தையே எடுத்துடுறேன். ரேஷன் கடையோட நிறுத்திட்டு நேரா நூலகத்துக்கு வந்துடலாம். யாருக்கும் தெரியப்போறதில்ல. குந்தவை அத்தையும் வெளிய சொல்லாது."

"எடுக்காத."

"அப்பா, விழாவுல ஐநூறு பிரதி குடுக்கப்போறாங்க. பள்ளிக்கூடத்துப் புள்ளைங்க படிக்கும்."

"அதுங்க படிக்கட்டுமின்னுதான் சொல்றேன். நீ எழுதியிருக்கிறதுல பண்ணை மொதல் பக்கத்துலயே வந்துட்டுப் போயிட்டான். அப்புறம் எல்லாம் நல்லதாவே நடந்துச்சுன்னு இருக்கு. படிக்கிற புள்ள அப்புடித்தான் நெனைக்கும். இத எழுது."

"நடராசன் மாமா சங்கடப்படுவாரு. அவங்கம்மா பாயி..."

"அந்தம்மாவ எழுதாத. அது எடம் உட்டுதோ என்னமோ. தெரியாதத எழுதக்கூடாது. நடராசங்கிட்ட நான் போயிச் சொல்லிக்கிறேன். ரிப்பனுக்கு வேற ஆளப் பாத்துக்கட்டும்."

சுடர்விழி ரொம்ப நேரம் தட்டச்சு செய்தாள். அடித்தாள், அழித்தாள். அடுக்களையில் அம்சம் அரிவாள்மணையில் கத்தரிக்காய் அரிகிற சத்தம் நடுநடுவே நின்று நின்று கேட்டது. கடைசியில் சுடர்விழி படித்தாள்.

‘கஜா புயலன்று முன்வாசல் திறந்திருந்தது. கூடத்தில் இடமும் இருந்தது. ஆனால் காலனி மக்களை ஊழியர் ஒருவர் ஆற்றுவாசல் வழியாகப் பின்கட்டுக்கு அழைத்துச் சென்றார். அப்படிச் செய்யச் சொல்லி யாரும் உத்தரவிடவில்லை. படியில் விழுந்து குந்தவை என்பவரின் இடுப்பெலும்பு முறிந்தது; அவருக்கு ஒரு கால் குட்டையானது.’

"இவ்வளவு போதுமாப்பா?"

"ஊழியர் ஒருவர்னா யாரும்மா?"

அவள் திரையை இன்னும் கொஞ்சம் தன் பக்கம் திருப்பிக்கொண்டாள்.

"அப்புடிப் போட்டா எவனோ வெளியூர்க்காரன்னு நெனைப்பாங்க. குடியானத் தெருவு ஆளுன்னு நெனைப்பாங்க. அது பொய்யி. பேரைப் போடு. வேம்பன் மவன் இராஜாங்கம்னு போடு."

"தாத்தா பேரு எதுக்குப்பா?"

"அந்த வாசலுக்கு எனக்கு வழி காட்டுனது அவருதானே. அவருக்கு வேற வழி இல்ல. எனக்கு இருந்துச்சு. அது தெரியணும்."

சுடர்விழியின் விரல்கள் விசைப்பலகைமேல் கிடந்தன. பிறகு, ஒவ்வொரு எழுத்தாக, பள்ளிக்கூடத்தில் முதன்முதலாக அப்பா பேரை எழுதப் பழகும் பிள்ளையைப்போல் மெதுவாக அடித்தாள். இராஜாங்கம் கண்ணாடியை மாட்டிக்கொண்டு குனிந்து, பேர் சரியாக இருக்கிறதா என்று பார்த்தார். இருந்தது.

அப்போது அம்சம் வெளியே வந்தாள். ஈரக்கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே மகளுக்குப் பக்கத்தில் வந்து நின்றாள். புருஷனைப் பார்க்கவில்லை. ஏழு வருஷமாக இதற்குத்தான் அவர் காத்திருந்தார். இப்போது கேட்கப்போகிறாள் என்று கண்ணாடியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அதுக்குக் கீழ எம்பேரையும் போடு," என்றாள் அம்சம்.

"நீ எதுக்கும்மா? நீ என்ன பண்ண?"

"மறுநா காலையில வெந்நிக்குப் போனேன். கூடம் காலியாக் கெடந்ததப் பாத்தேன். குந்தவை பின்னால ஒழுகுறதுல கெடந்து கத்திக்கிட்டு கெடக்குறா. தூக்கிட்டுப் போயி முன்னால போடுங்கன்னு ஒரு வார்த்த சொல்லியிருக்கலாம். போட்டிருப்பாங்க. எம்புருஷன் பேரு கெட்டுப்போயிடும்னு வெந்நிய மட்டும் தூக்கிட்டு வந்துட்டேன்."